பழைய சேகரிப்பு அட்டைகளில் பென்சில் எழுத்து: அழிக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

கோடு மறைந்தாலும் அழுத்தத் தடம் மறைவதில்லை. பழைய பட அட்டைகளை வைத்திருப்போர் அழிப்பானைக் கையில் எடுப்பதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை குறித்து விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

விழிஞ்ஞம் (திருவனந்தபுரம்): பரணில் இருந்து இறக்கப்படும் பழைய பெட்டிகளில் பட அட்டைகள் கிடைப்பது உண்டு. கிரிக்கெட் வீரர்களின் படங்கள், தெய்வப் படங்கள், சிகரெட் பெட்டியுடன் வந்த அட்டைகள், பட அஞ்சலட்டைகள் எனப் பலவகையாக அவை இருக்கும். அவற்றின் பின்புறத்தில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பென்சில் எழுத்து காணப்படும். அது ஒரு சிறுவனின் பெயராகவோ, வகுப்பும் பிரிவுமாகவோ, கடைக்காரர் குறித்த விலையாகவோ, வெறும் சரிக்குறியாகவோ இருக்கலாம்.

அதை அழித்துவிட்டால் அட்டை புதிதுபோல் ஆகிவிடும், விலையும் கூடும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் காகிதப் பாதுகாப்பில் அழிப்பது திரும்பப் பெற முடியாத செயல். அழிக்காமல் விட்ட எழுத்தை நாளையும் அழிக்கலாம். அழித்த எழுத்தையோ, தேய்ந்துபோன காகிதப் பரப்பையோ எவராலும் மீட்டுத் தர இயலாது. கடற்காற்றின் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும் விழிஞ்ஞம், கோவளம் போன்ற ஊர்களில் இந்த ஆபத்து மேலும் ஒரு படி அதிகம்.

எவை இந்த அட்டைகள்?

டிரேடிங் கார்டு எனப்படும் சேகரிப்பு அட்டைகள், பொருள்களை விற்பதற்கான விளம்பர உத்தியாகவே தொடங்கின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிகரெட் பெட்டிகளுக்குள் படம் அச்சிட்ட சிறிய அட்டைகள் வைக்கப்பட்டன. பிரிட்டனின் ஜான் பிளேயர் நிறுவனம் 1893இல் கோட்டைகளையும் மடாலயங்களையும் காட்டும் வரிசையை வெளியிட்டது. வில்ஸ் நிறுவனம் 1895இல் கப்பல்களும் மாலுமிகளும் என்ற வரிசையையும், 1896இல் கிரிக்கெட் வீரர்கள் வரிசையையும் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் பிரிட்டனில் இந்த அட்டைகள் நின்றுபோயின. அமெரிக்காவில் அந்த இடத்தைப் பபிள்கம்முடன் வந்த பேஸ்பால் அட்டைகள் பிடித்துக்கொண்டன.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான மரபு, திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிளிமானூரில் 1848இல் பிறந்த ஓவியர் ராஜா ரவி வர்மாவிடம் இருந்து தொடங்குகிறது. 1894இல் மும்பையில் அவர் நிறுவிய அச்சகம், அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த ஓவியங்களை வண்ண அச்சுப் பிரதிகளாக எளிய வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. பின்னர் லோனாவாலா அருகே இடம்பெயர்ந்த அந்த அச்சகத்தின் படங்கள் அஞ்சலட்டைகளாகவும் வெளிவந்தன. அதே பாணிப் படங்கள் தீப்பெட்டி உறைகளிலும் துணிக்கட்டுச் சீட்டுகளிலும் இடம்பெற்றன. நூறாண்டு கடந்த அந்த அஞ்சலட்டைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர்.

பிற்காலத்தில் பள்ளிச் சிறுவர்களின் சட்டைப்பைகளை நிறைத்தவை பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் படங்களும், 1990களில் பரவிய மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளும், சிவகாசித் தீப்பெட்டிப் படங்களும் ஆகும். அவற்றில் பெரும்பாலானவை கிழிந்தும் தொலைந்தும் போய்விட்டதால், எஞ்சியவற்றுக்கு இப்போது மதிப்பு ஏற்பட்டுள்ளது.

ஏன் பென்சிலால் எழுதினார்கள்?

இந்த அட்டைகளில் உள்ள பென்சில் எழுத்துகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உரிமையைக் குறிக்கும் எழுத்து. விளையாட்டில் அட்டைகள் கைமாறும்போது கலந்துவிடாமல் இருக்கச் சிறுவர்கள் பின்புறத்தில் தங்கள் பெயரை எழுதி வைத்தனர்.

இரண்டாவது, கணக்குக் குறி. ஒரு வரிசையில் எந்தெந்த அட்டைகள் கிடைத்துவிட்டன என்பதைக் குறிக்க, அமெரிக்க நிறுவனமான டாப்ஸ் தனிப் பட்டியல் அட்டைகளையே அச்சிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிடுவதற்காகவே அந்த அட்டை அச்சிடப்பட்டதால், குறியிடப்படாத பழைய பட்டியல் அட்டைகள் இன்று அரிதாகவும் விலை கூடியும் உள்ளன.

மூன்றாவது, வணிகக் குறி. பழம்பொருள் விற்பவர்கள் விலையையும் இருப்பு எண்ணையும் பென்சிலால் மூலையில் குறிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

நான்காவது, செய்தி. பிரிட்டனில் 1902 வரையிலும், அமெரிக்காவில் 1907 வரையிலும் பட அஞ்சலட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. எனவே நலம் விசாரிக்கும் வரிகளைப் படத்தின் ஓரத்திலேயே மக்கள் எழுதினர். அக்கால அட்டையின் முன்பக்கத்தில் உள்ள எழுத்து கறையன்று. அந்த அட்டை பயன்பட்ட முறைக்கு அதுவே சான்று.

பென்சில் கோடு என்பது என்ன?

பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அல்ல. கிராஃபைட் எனப்படும் கரிமப் பொருளும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி அது. பிரான்சின் நிக்கோலா ஜாக் கான்டே 1795இல் காப்புரிமை பெற்ற முறை இன்றும் அடிப்படையாக உள்ளது. களிமண் கூடினால் குச்சி கடினமாகும். கிராஃபைட் கூடினால் மென்மையாகவும் கருமையாகவும் எழுதும். தமிழகத்தின் சிவகங்கையிலும் இலங்கையின் போகலவிலும் கிராஃபைட் வெட்டியெடுக்கப்படுகிறது.

எழுதும்போது கிராஃபைட் மெல்லிய செதில்களாக உரிந்து காகித இழைகளின் மேல் படிகிறது. மைபோல அது இழைக்குள் ஊறுவதில்லை. வேதியியல் பிணைப்பும் ஏற்படுவதில்லை. அதனால்தான் அழிக்க முடிகிறது. கரிமம் என்பதால் வெளிச்சத்தில் மங்குவதும் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய பென்சில் எழுத்தையும் இன்று தெளிவாகப் படிக்க முடிவதற்கு இதுவே காரணம்.

ஆனால் எழுதும் கை இரண்டு தடங்களை விட்டுச் செல்கிறது. ஒன்று கிராஃபைட் படிவு. மற்றொன்று, பென்சில் முனை அழுத்தியதால் காகிதத்தில் ஏற்படும் பள்ளம். முதலாவதை அழிப்பான் நீக்கும். இரண்டாவதை எந்த அழிப்பானாலும் நீக்க முடியாது. கடினமான பென்சிலால் அழுத்தி எழுதிய எழுத்தைத் துடைத்துவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், அதே எழுத்து நிறமின்றி மீண்டும் தெரியும்.

அழிப்பான் எப்படி வேலை செய்கிறது?

கோதுமை ரொட்டியின் மென்மையான உட்பகுதியை உருட்டிப் பென்சில் கோடுகளை அழிப்பதே முற்கால ஐரோப்பிய வழக்கம். மரப்பாலில் இருந்து கிடைக்கும் பொருள் பென்சில் கோட்டை நன்றாக அழிப்பதாக ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறிப்பிட்டார். தேய்த்து அழிக்கப் பயன்பட்டதால்தான் அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே வந்தது. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை இன்று கேரளமே விளைவிக்கிறது.

காகிதத்தைவிட அழிப்பானின் பரப்பில் கிராஃபைட் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. தேய்க்கும்போது அழிப்பான் துகள்களாக உதிர்ந்து, கிராஃபைட்டையும் சுருட்டிக்கொண்டு வெளியேறுகிறது. அதே உராய்வில் காகிதத்தின் மேற்பரப்பும் நுண்ணிய அளவில் கழன்று வருகிறது. எந்த அழிப்பானும் இதற்கு விலக்கல்ல. எவ்வளவு கழல்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பள்ளிக் குழந்தைகள் பயன்படுத்தும் இளஞ்சிவப்பு அழிப்பான்களில் எரிமலைக்கல் தூள் போன்ற அராவும் பொருள்கள் கலந்திருப்பதுண்டு. அவை காகிதத்தைச் சுரண்டும், நிறத்தையும் விட்டுச்செல்லக்கூடும். மை அழிப்பான் என விற்கப்படுபவை அதைவிடக் கடுமையானவை. நிறமும் நறுமணமும் சேர்த்த அழிப்பான்களையும் தவிர்க்க வேண்டும்.

காகிதப் பாதுகாப்பாளர்கள் பொதுவாக வெள்ளை நிற வினைல் அழிப்பானையும், ஓவியர்கள் பயன்படுத்தும் பிசையும் அழிப்பானையும் பயன்படுத்துகின்றனர். பிசையும் அழிப்பான் மாவுபோல் இளகுவது. தேய்க்காமல் ஒற்றி எடுத்தே அதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சிறப்பு. எனினும் வினைல் அழிப்பானில் நெகிழ்வூட்டும் எண்ணெய்ப் பொருள் உள்ளது. பள்ளிப் பெட்டியில் அழிப்பான் நீண்ட நாள் கிடந்து பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒட்டிக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பொருளே அதற்குக் காரணம். ஆகவே அழித்தபின் துகள்களை அட்டையில் தங்கவிடக் கூடாது.

முதல் கேள்வி: அழிக்க வேண்டுமா?

எப்படி அழிப்பது என்பதற்கு முன், அழித்து என்ன பயன் என்று கேட்பதே முறை. அருங்காட்சியகங்களின் நடைமுறை இங்கே கவனிக்கத்தக்கது. ஓவியத் தாள்களிலும் அட்டைகளிலும் பதிவு எண்ணை எழுத அவை பயன்படுத்துவது மென்மையான பென்சிலையே. ஆவணக் காப்பகங்களின் வாசிப்பு அறைகளில் பேனாவுக்குப் பொதுவாக அனுமதி இல்லை, பென்சிலுக்கு உண்டு. காகிதத்திற்கு மிகக் குறைந்த தீங்கு செய்யும் எழுதுபொருள் பென்சில் என்பதே இதன் அடிப்படை. அட்டையின் பின்புறத்தில் உள்ள பென்சில் எழுத்து அந்த அட்டையை நாளடைவில் அரிப்பதில்லை. அதை உடனே நீக்கியாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

இரண்டாவதாக, எழுத்தில் தகவல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர், ஊர், நாள், விலை ஆகியவை அந்த அட்டை யாரிடம், எப்போது, எங்கே இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அஞ்சல் துறையான அஞ்சல், 1888இல் முதல் தபால் தலையை வெளியிட்டு, 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. அக்கால அஞ்சல் அட்டையில் உள்ள ஒரு சிறு குறிப்பு வழித்தடத்தையோ கட்டணத்தையோ காட்டுவதாக இருக்கலாம். பொருள் புரியவில்லை என்பதற்காக ஒரு குறிப்பை அழித்துவிட்டால், பொருள் புரிந்தவர் பின்னர் வந்தாலும் பயனில்லை.

உரிமையாளர் செய்த மாற்றமே பிற்காலத்தில் மதிப்புப் பெற்ற வரலாறும் உண்டு. ரவி வர்மா அச்சுப் படங்களின் மேல் ஜரிகைத் துணியும் மணிகளும் ஒட்டி அலங்கரித்து வழிபட்ட வீடுகள் பல. அச்சுப் படத்தைக் கெடுத்த செயல் என்று அதை இன்று எவரும் கருதுவதில்லை. அத்தகைய அலங்காரப் படங்கள் தனி வகையாகவே சேகரிக்கப்படுகின்றன.

மூன்றாவது கேள்வி பணம். இதில் பலரும் எதிர்பாராத ஒரு நிலை உள்ளது. விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் அட்டையில் எழுத்தை அழித்தாலும் விலை பெரிதாக ஏறப்போவதில்லை. விலை மிக உயர்ந்த அட்டையில் ஒரு சிறு தேய்மானமும் பெரிய இழப்பாகிவிடும் என்பதால் அதில் கைவைப்பதே தவறு. இடைப்பட்ட அட்டைகளில், விற்பனைக்காக அன்றித் தம் தொகுப்பின் அழகுக்காக மட்டும் அழிக்க நினைப்போருக்கே இந்த வேலை ஓரளவு பொருந்தும்.

தரச்சான்று நிறுவனங்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் சேகரிப்பு அட்டைகளின் நிலையை ஆராய்ந்து 1 முதல் 10 வரை தரம் வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் 1991இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. முன்னணியில் உள்ளது. அட்டையில் எழுத்தோ, மைக்கறையோ, பென்சில் குறியோ இருந்தால், அந்த நிறுவனம் தரத்துடன் எம்.கே. என்ற குறியைச் சேர்க்கிறது.

இதில் ஒரு முக்கியமான விவரம் உள்ளது. எழுத்து மட்டுமன்றி, எழுதியதால் ஏற்பட்ட அழுத்தத் தடம் தெரிந்தாலும் அதே குறி சேர்க்கப்படும். பட்டியல் அட்டையின் கட்டங்களில் இருந்த சரிக்குறியை அழித்துவிட்டு அனுப்புவோர் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவது இதனால்தான். கோடு போயிருக்கும், பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டையைத் திரவம் கொண்டு தூய்மைப்படுத்தியது, வெட்டியது, மீண்டும் வண்ணம் தீட்டியது ஆகியவை கண்டறியப்பட்டால் எண் தரமே மறுக்கப்படலாம். அழிப்பானால் ஒரு பகுதியின் பளபளப்பு மங்கியிருந்தால் அதுவும் ஐயத்தை எழுப்பும். அதாவது, பென்சில் எழுத்தோடு தரச்சான்று பெறக்கூடிய அட்டை, தவறாக அழிக்கப்பட்டதால் அந்தத் தகுதியையே இழக்கக்கூடும்.

எச்சரிக்கையாக அமைந்த ஓர் அட்டை

அட்டையைத் திருத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹோனஸ் வாக்னர் அட்டை உலகறிந்த எடுத்துக்காட்டு. அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட டி206 வரிசையைச் சேர்ந்த அந்த அட்டை, மிக அரிதானது. அவற்றுள் ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991இல் வாங்கினர். பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரச்சான்று வழங்கிய அட்டையும் அதுவே. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

அந்த அட்டையின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிவதற்காக அதைத் தாமே வெட்டியதாக ஏல நிறுவன உரிமையாளர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் அவருக்கு 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓரத்தை வெட்டுவதும் பென்சில் கோட்டை அழிப்பதும் ஒரே அளவிலான செயல்கள் அல்ல. ஆனால் இரண்டிலும் வாங்குபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எனக்குத் தெரியாமல் இதில் என்ன செய்யப்பட்டுள்ளது?

எவற்றில் கைவைக்கவே கூடாது?

பின்வரும் அட்டைகளில் அழிப்பானைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

• படம் உள்ள முன்பக்கம். கல்லச்சு வண்ணப் படங்களில் வண்ண மை மேற்பரப்பில் படிந்திருக்கும். கிராஃபைட்டோடு அந்த வண்ணமும் பெயர்ந்து வரும்.

• புகைப்படத் தாளில் அச்சிட்ட அட்டைகள். அவற்றின் மேல் உள்ள ஜெலட்டின் படலம் தேய்த்தால் கீறல் விழும்.

• பளபளப்பான பூச்சு உள்ள அட்டைகள். பூச்சின் மேல் பென்சில் லேசாகவே படிந்திருக்கும் என்றாலும், தேய்த்த இடம் மட்டும் மங்கித் தனியே தெரியும்.

• தீப்பெட்டிப் படம் போன்ற மெல்லிய தாள்கள். இவை சுருங்கிக் கிழிந்துவிடும்.

• பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் உள்ள அட்டைகளும், பூஞ்சை படிந்த அட்டைகளும்.

• காப்பி பென்சிலால் எழுதிய அட்டைகள். அஞ்சலகங்களிலும் அலுவலகங்களிலும் முன்னர் பயன்பட்ட இந்தப் பென்சிலில் கிராஃபைட்டோடு சாயமும் கலந்திருக்கும். உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறத்தில் தோன்றும். ஈரம் பட்டால் ஊதா நிறமாகப் பரவும். எழுத்தின் ஓரத்தில் எங்கேனும் ஊதாச் சாயல் தெரிந்தால் அதைத் தொடக் கூடாது.

இவற்றுக்கு அப்பால் எஞ்சுவது ஒரே வகை. பூச்சு இல்லாத, உறுதியான அட்டையின் பின்புறத்தில், லேசாக எழுதப்பட்ட, தகவல் எதுவும் இல்லாத சாதாரணப் பென்சில் குறி. வீட்டில் முயன்று பார்க்கத் தகுந்தது அது மட்டுமே.

அழிப்பது எப்படி? படிப்படியாக

1. முதலில் அட்டையின் இரு பக்கங்களையும் தெளிவாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். எழுத்தில் உள்ளதை அப்படியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதும் அவசியம்.

2. கையைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். வெள்ளைத் தாள் விரித்த சமமான மேசையில் அட்டையை வைக்க வேண்டும். முன்பக்கம் கீழே இருக்கும் என்பதால், தாளில் தூசியோ துகளோ இருக்கக் கூடாது.

3. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, எழுத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அழித்தாலும் தடம் இருக்கும்.

4. மென்மையான தூரிகையால் மேலுள்ள தூசியை அகற்ற வேண்டும். தூசியோடு தேய்த்தால் அது காகிதத்திற்குள் இறங்கிவிடும்.

5. பிசையும் அழிப்பானைக் கூம்பாக உருட்டி, எழுத்தின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கருமை படிந்த பகுதியை உள்ளே மடித்துவிட்டுப் புதிய பகுதியைப் பயன்படுத்த வேண்டும். பாதி எழுத்து இதிலேயே மங்கிவிடும்.

6. மேலும் தேவைப்பட்டால், வெள்ளை வினைல் அழிப்பானின் ஒரு சிறு துண்டை வெட்டி, அதன் முனையால் எழுத்தின் ஓரத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். இழைகள் எழும்பினாலோ, நிறம் மாறினாலோ, அழிப்பானில் கருமையன்றி வேறு நிறம் ஏறினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

7. சோதனையில் சிக்கல் இல்லையெனில், அட்டையின் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் லேசாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஓரம் மடங்கும், மூலை உடையும். மற்றொரு கையின் விரல்கள் ஓரத்தை அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.

8. சில இழுப்புகளுக்கு ஒருமுறை துகள்களைத் தூரிகையால் தள்ளிவிட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படும்.

9. எழுத்து முழுவதும் மறையும் வரை தொடரக் கூடாது. நிழல்போல் மங்கியதும் நிறுத்துவதே பாதுகாப்பானது. கடைசிச் சாயலை நீக்கும் முயற்சியில்தான் காகிதம் தேய்கிறது.

தண்ணீர், ஸ்பிரிட், பற்பசை, ஈரத்துணி, உப்புத்தாள், பிளேடு ஆகிய எதையும் பயன்படுத்தக் கூடாது. சமையலறை மேடை துடைக்க விற்கப்படும் வெள்ளைப் பஞ்சும் உண்மையில் நுண்ணிய அராவும் பொருளே. ரொட்டித் துண்டும் வேண்டாம். அதன் எண்ணெய்ப்பசையும் துகளும் பூச்சிகளை வரவழைக்கும்.

கடலோர ஊர்களுக்குத் தனிக் கவனம் ஏன்?

திருவனந்தபுரம் கடற்கரை ஆண்டுதோறும் இரண்டு பருவமழைகளைப் பெறுகிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. இடைப்பட்ட நாள்களிலும் கடற்காற்றின் ஈரப்பதம் குறைவதில்லை. கன்னியாகுமரி, தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை வாசிகளுக்கும் இது புதிதன்று.

காகிதம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் ஏறிய காகிதத்தின் இழைகள் தளர்ந்திருக்கும். வறண்ட நாளில் தாங்கக்கூடிய உராய்வை அது மழை நாளில் தாங்காது. மேற்பரப்பு பஞ்சுபோல் எழும்பிவிடும். கிராஃபைட்டும் நீங்காமல் இழுபட்டுக் கறையாகப் பரவும். எனவே மழை நாளில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஜனவரி, பிப்ரவரி போன்ற வறண்ட மாதங்கள் ஏற்றவை. குளிரூட்டிய அறையில் இருந்து வெளியே எடுத்த அட்டையின் மேல் ஈரம் படியும் என்பதால், அதைச் சில மணி நேரம் அறை வெப்பத்திற்குப் பழகவிட வேண்டும்.

ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை வளரும் வாய்ப்பு அதிகம். கேரள, தமிழகக் கடலோரங்களில் பழைய அட்டைகளைக் கெடுப்பது பெரும்பாலும் பென்சில் எழுத்தல்ல, இந்த ஈரமே. அழிப்பதில் செலவிடும் கவனத்தைச் சேமிப்பில் செலவிட்டால் பயன் கூடுதல்.

அட்டைகளை அமிலமற்ற காகித உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைக்கலாம். மலிவான பி.வி.சி. உறைகளையும் ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பங்களையும் தவிர்க்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து அவ்வப்போது மாற்றலாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் தரையோடு ஒட்டிய தட்டும் ஈரம் ஏறும் இடங்கள்.

விற்கும்போது சொல்ல வேண்டியது

பென்சில் எழுத்தை நீக்குவது அட்டையைத் திருத்துவது ஆகுமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. அட்டையோடு பிறக்காத ஒன்றை நீக்குவதில் தவறில்லை என்பது ஒரு தரப்பு. அட்டையின் இன்றைய நிலையை மாற்றும் எதுவும் திருத்தமே என்பது மறுதரப்பு. இரு தரப்பும் ஏற்கும் ஒன்று உண்டு. செய்ததை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் இதை ஒட்டியே உள்ளது. ஓர் உண்மையை அறிந்திருந்தும், மற்றவரை ஏமாற்றும் நோக்குடன் அதை முனைந்து மறைப்பது மோசடியின் வகைகளுள் ஒன்றாக 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளது. பின்புறத்தில் இருந்த பெயர் அழிக்கப்பட்டது, அழுத்தத் தடம் உள்ளது என்ற ஒரு வரி விற்பவருக்கும் பாதுகாப்பு. அழிப்பதற்கு முன் எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த அட்டையின் வரலாறு முழுவதுமாகக் கைமாறும்.

வாங்குவோரும் சாய்ந்த வெளிச்சத்தில் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வெண்மை கூடியிருந்தாலோ, பளபளப்புக் குறைந்திருந்தாலோ, இழைகள் எழும்பியிருந்தாலோ அங்கே அழிப்பான் சென்றிருக்கிறது என்று பொருள்.

யாரை அணுகலாம்?

அரிய அட்டை என ஐயம் எழுந்தால், வீட்டில் எதையும் செய்யாமல் பயிற்சி பெற்ற காகிதப் பாதுகாப்பாளரிடம் காட்டுவதே முறை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் உள்ளது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், பல நகரங்களில் பாதுகாப்பு மையங்களை நடத்துகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பின்புறத்தில் உள்ள பென்சில் எழுத்து அட்டைக்கு உடனடித் தீங்கு எதையும் செய்வதில்லை. அதில் பெயரோ, நாளோ, ஊரோ இருந்தால் விட்டுவிடலாம். பள்ளம் தெரிந்தால் அழிப்பதில் பயன் இல்லை. இவை எதுவும் இல்லாத லேசான குறியை, வறண்ட நாளில், பூச்சில்லாத பின்புறத்தில் மட்டும், முழுவதும் மறையும் முன்பே நிறுத்தும் பொறுமையுடன் மங்கச் செய்யலாம். ஐயம் இருந்தால் அழிப்பானை எடுக்க வேண்டாம். அந்த முடிவை அடுத்த ஆண்டு கூட மாற்றிக்கொள்ளலாம்.